அடுக்குப் பெரோவ்ஸ்கைட்டுகள் உமிழும் ஒளியை வேதி இயைபு எவ்வாறு தீர்மானிக்கிறது: ஒரு முழுமையான வழிகாட்டி

பியூட்டைல் அமோனியம் காரீய அயோடைடின் படிகங்களைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, அறை விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா விளக்கை அவற்றின் மேல் காட்டினால், பகல் வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறமாகத் தெரிந்த அதே தகடுகள் பச்சையாக ஒளிரும். அயோடைடு இருந்த இடத்தில் புரோமைடு இருந்தால் தகடுகளுக்கு நிறமே இராது. புறஊதா விளக்கின் கீழ் அவை 406 நானோமீட்டரை ஒட்டிய ஊதா-நீல ஒளியைத் தரும். காரீயத்தின் இடத்தில் வெள்ளீயம் அமர்ந்தால் ஒளி சிவப்புக்கு நகரும். தனிமங்களை மாற்றுவதன் மூலம் ஒரே வகைப் படிகக் கட்டமைப்பிலிருந்து புறஊதா முதல் அண்மை அகச்சிவப்பு வரை ஒளியைப் பெற முடிகிறது என்பதே அடுக்குப் பெரோவ்ஸ்கைட்டுகள் எனப்படும் இந்தக் குறைகடத்திகளின் சிறப்பு.

எந்த மாற்றம் எந்த விளைவைத் தரும், எந்த அளவுக்குத் தரும், எதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்பதை முதுநிலை மாணவர்களும் புதிதாக ஆய்வுக்கு வருவோரும் பின்பற்றத்தக்க வரிசையில் இங்கே எழுதுகிறேன். இதில் என் நிலைப்பாடு ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நிறத்தை நிர்ணயிப்பது உலோகமும் ஹாலைடும் (குளோரைடு, புரோமைடு, அயோடைடு) சேர்ந்த கனிம அடுக்குதான். கரிம அயனி, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அந்த அடுக்கின் வடிவத்தையும் மின்சூழலையும் மாற்றுவதன் வழியாகவே ஒளியைப் பாதிக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தாமல் நூற்றுக்கணக்கான அமீன்களை (கரிம அயனியைத் தரும் மூலச் சேர்மங்களை) ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிப்பவர்கள், தாம் எதை மாற்றினோம் என்பதையே அறியாமல் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

முதல் படி: கட்டமைப்பையும் அடுக்கெண்ணையும் புரிந்துகொள்ளுதல்

1839இல் யூரல் மலையிலிருந்து கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்தை ஆராய்ந்த குஸ்டாவ் ரோசே, ருஷ்யரான லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்குச் சூட்டினார். அக்கனிமத்தின் கட்டமைப்பைக் கொண்ட எல்லாச் சேர்மங்களுக்கும் இன்று அதுவே பொதுப்பெயர். நாம் பேசும் ஹாலைடு வகையில், ஒரு உலோக அயனியைச் சுற்றி ஆறு ஹாலைடு அயனிகள் நின்று ஓர் எண்முகியை அமைக்கின்றன. அண்டை எண்முகிகள் தங்கள் முனைகளில் உள்ள ஹாலைடைப் பகிர்ந்துகொண்டு முப்பரிமாண வலையாக நீள்கின்றன. எண்முகிகளுக்கு இடையிலுள்ள பொந்துகளில் சீசியம், மெத்தில் அமோனியம், ஃபார்மமிடினியம் போன்ற சிறிய நேரயனிகள் உட்காருகின்றன.

அந்தப் பொந்துக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிய கரிம நேரயனி ஒன்றைச் சேர்த்தால், முப்பரிமாண வலை தகடுகளாக வெட்டப்படுகிறது. வெட்டப்பட்ட ஒவ்வொரு தகட்டிலும் எத்தனை எண்முகித் தளங்கள் உள்ளனவோ அந்த எண்ணிக்கையை அடுக்கெண் என்று இங்கே குறிப்பிடுகிறேன். தகடுகளுக்கு இடையே நிற்கும் அந்தப் பெரிய கரிம நேரயனிகள், அதாவது இடையடுக்கு அயனிகள், ஒற்றை நேர்மின் சுமை கொண்டிருக்கும் வகையில், அடுக்கெண் எவ்வளவோ அவ்வளவு உலோக அயனிகள், அதைவிட ஒன்று குறைவாகச் சிறிய நேரயனிகள், அடுக்கெண்ணின் மும்மடங்கைவிட ஒன்று கூடுதலாக ஹாலைடுகள், எப்போதும் இரண்டு இடையடுக்கு அயனிகள் என்பது கணக்கு. அடுக்கெண் 2 எனில் இரண்டு பியூட்டைல் அமோனியம், ஒரு மெத்தில் அமோனியம், இரண்டு காரீயம், ஏழு அயோடைடு. அடுக்கெண் 1 எனில் சிறிய நேரயனிக்கு இடமே இல்லை. இதை மறந்து, அடுக்கெண் 1 கொண்ட சேர்மத்தில் சீசியத்தைச் சேர்த்து நிறத்தை நுணுக்கமாக மாற்றப்போவதாகத் திட்டமிடுவோர் உண்டு. அங்கே சீசியம் போய் உட்கார இடமில்லை. அது அடுக்கெண்ணைக் கூட்டும், அல்லது வேறொரு சேர்மமாகப் பிரியும்.

இந்த வகைக்கு ருடில்ஸ்டன்-பாப்பர் கட்டமைப்பு என்று பெயர். இரண்டு முனைகளிலும் அமோனியம் தொகுதி கொண்ட இரட்டை நேர்மின் அயனியைப் பயன்படுத்தினால் ஒன்றே போதும். அது டயான்-ஜேக்கப்சன் கட்டமைப்பு. அதில் அடுக்குகள் பொதுவாக ஒன்றையொன்று நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று நேராக அமரும் இயல்புடையவை.

இரண்டாம் படி: ஒளியை உமிழ்வது எது?

இந்தப் படிகங்களில் ஒளியை உட்கவர்ந்தபின் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடமும்) தனித்தனியாக அலைவதில்லை. அவை ஒன்றையொன்று கவர்ந்து எக்சைட்டான் என்னும் இணையாகக் கட்டுண்டு, பின்னர் இணைந்து மறையும்போது ஒளியைத் தருகின்றன. முப்பரிமாண மெத்தில் அமோனியம் காரீய அயோடைடில் இந்தப் பிணைப்பு ஆற்றல் குறைந்த வெப்பநிலையில் சுமார் 16 மில்லி எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பதால், அங்கே எக்சைட்டான் எளிதில் உடைந்துவிடும். அடுக்கெண் 1 கொண்ட சேர்மங்களிலோ நிலைமை முற்றிலும் வேறு: டெசைல் அமோனியம் காரீய அயோடைடுக்கு 370, ஃபினைல்எத்தில் அமோனியம் காரீய அயோடைடுக்கு 220 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்ற அளவுகள் இஷிஹாராவும் உடனாய்வாளர்களும் தொடக்க காலத்திலேயே கண்டறிந்தவை.

இந்தப் பெரிய வேறுபாடு எப்படி வந்தது? இயக்கத்தை ஒரு தளத்துக்குள் ஒடுக்கினால் எக்சைட்டானின் பிணைப்பு ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இருபரிமாண ஹைட்ரஜன் மாதிரியின் முடிவு. 16ஐ நான்கால் பெருக்கினால் 64தான் வருகிறது. எஞ்சியது மின்காப்பு வேறுபாட்டிலிருந்து வருகிறது. எலக்ட்ரானுக்கும் துளைக்கும் இடையிலுள்ள மின்புலக் கோடுகள் மெல்லிய கனிம அடுக்குக்குள் அடங்கிவிடாமல், குறைந்த மின்காப்பு மாறிலி கொண்ட கரிமப் பகுதிக்குள்ளும் நீள்கின்றன. அங்கே அவற்றை மறைக்கும் திறன் குறைவாக இருப்பதால் கவர்ச்சி வலுப்பெறுகிறது. கரிம அயனியின் இயைபு ஒளியுமிழ்வோடு தொடர்புகொள்ளும் முதல் வழி இதுதான். ஐந்தாம் படியில் இதற்குத் திரும்பி வருவோம்.

கணக்குப் போடுவதற்கு ஒரு வாய்பாடு போதும்: 1240ஐ எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றலால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும்.

மூன்றாம் படி: முதலில் ஹாலைடைத் தீர்மானித்தல்

நிறத்தை மிகப் பெரிய அளவில் நகர்த்துவது ஹாலைடு. ஆகவே அதிலிருந்து தொடங்க வேண்டும். எலக்ட்ரான்கள் நிரம்பிய ஆற்றல் பட்டையான இணைதிறன் பட்டையின் உச்சி, காரீயத்தின் 6எஸ் ஆர்பிட்டாலும் ஹாலைடின் பி ஆர்பிட்டாலும் எதிர்பிணைப்பு முறையில் கலந்து உருவாகிறது. அதற்கு மேலுள்ள வெற்றுப் பட்டையான கடத்துப் பட்டையின் அடிப்பகுதி பெரும்பாலும் காரீயத்தின் 6பி ஆர்பிட்டாலால் ஆனது. அயோடினின் 5பியிலிருந்து புரோமினின் 4பிக்கும் குளோரினின் 3பிக்கும் செல்லச் செல்ல ஹாலைடின் ஆற்றல் மட்டம் கீழிறங்குகிறது. இணைதிறன் பட்டையும் அதனுடன் இறங்குகிறது. இரு பட்டைகளுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு, அதாவது பட்டை இடைவெளி, விரிகிறது. ஃபினைல்எத்தில் அமோனியம் வரிசையில் அயோடைடு 520 நானோமீட்டரை ஒட்டிப் பச்சையாகவும், புரோமைடு 410 நானோமீட்டரை ஒட்டி ஊதாவாகவும் ஒளிரும். குளோரைடில் எக்சைட்டான் உமிழ்வு புறஊதாப் பகுதிக்குள் போய்விடும்.

இடைப்பட்ட நிறம் தேவையெனில் இரு ஹாலைடுகளைக் கலக்கலாம். அயோடைடும் புரோமைடும் ஒரே அடுக்கில் கலந்து, விகிதத்துக்கு ஏற்ப உமிழ்வு தொடர்ச்சியாக நகரும். ஆனால் கலவை ஹாலைடுக்கு ஒரு குறை உண்டு. மெத்தில் அமோனியம் காரீயப் புரோமைடு-அயோடைடு கலவைகளில் ஒளி பட்டவுடன் அயோடைடு மிகுந்த பகுதிகளும் புரோமைடு மிகுந்த பகுதிகளும் பிரிந்து, உமிழ்வு 1.68 எலக்ட்ரான் வோல்ட்டை நோக்கி நழுவுவதை 2015இல் ஹோக்கும் உடனாய்வாளர்களும் காட்டினார்கள். விளக்கை அணைத்தால் அது மீளும் என்பதால், அளவீட்டின் நடுவே மட்டுமே தெரியும் குறை இது. அடுக்கெண் கூடக் கூட உங்கள் பொருள் முப்பரிமாணத்தை நெருங்குகிறது; ஆகவே கலவை ஹாலைடு கொண்ட உயர் அடுக்கெண் மாதிரிகளை ஒரே நிறமாலையோடு விட்டுவிடாமல், தொடர்ந்து ஒளிபாய்ச்சிப் பல நிமிட இடைவெளிகளில் நிறமாலையைப் பதிவுசெய்வது அவசியம்.

நான்காம் படி: உலோகமும் அடுக்கெண்ணும்

காரீயத்துக்குப் பதில் வெள்ளீயம் வைத்தால் பட்டை இடைவெளி சுருங்கும். ஃபினைல்எத்தில் அமோனியம் வெள்ளீய அயோடைடு 620 நானோமீட்டரை ஒட்டிச் சிவப்பாக ஒளிர்வது, அதே இடையடுக்கு அயனியுடன் கூடிய காரீய அயோடைடின் பச்சையோடு ஒப்பிடத் தக்கது. நச்சுத்தன்மை குறித்த கவலை வெள்ளீயத்தை நோக்கி நம்மைத் தள்ளுகிறது. ஆனால் இரண்டு நேர்மின் சுமை கொண்ட வெள்ளீயம் காற்றில் நான்கு நேர்மின் நிலைக்கு ஆக்சிஜனேற்றமடைவதில் மிக விரைவானது. சில ஆயிரத்தில் ஒரு பங்கு ஆக்சிஜனேற்றம்கூடத் துளைகளைப் பெருக்கி ஒளிர்வை அணைக்கும். மந்த வாயுப் பெட்டி இல்லாத ஆய்வகத்தில் வெள்ளீயத்தைத் தொடங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

வெள்ளியும் பிஸ்மத்தும் மாறிமாறி அமரும் இரட்டைப் பெரோவ்ஸ்கைட்டுகளும் அடுக்கு வடிவில் உருவாக்கப்பட்டுள்ளன. காரீயம் இல்லை என்பது அவற்றின் சிறப்பு. ஆனால் ஒளியுமிழ்வு வலுவற்றது. மாங்கனீசு வேறு வகை. அதைச் சிறு அளவில் காரீயப் புரோமைடு அடுக்கில் கலந்தால், எக்சைட்டான் தன் ஆற்றலை மாங்கனீசு அயனிக்குக் கைமாற்றுகிறது. அந்த அயனி தனக்கே உரிய டி-டி மாற்றத்தின் (டி ஆர்பிட்டால் மட்டங்களுக்கு இடையிலான தாவலின்) வழியாக 600 நானோமீட்டரை ஒட்டி ஆரஞ்சு ஒளியைத் தருகிறது. இங்கே பட்டை இடைவெளி மாறுவதில்லை, ஒளியின் பிறப்பிடமே மாறுகிறது. நிறம் மாறியதைப் பார்த்ததும் பட்டை இடைவெளி மாறிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அடுத்தது அடுக்கெண். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டௌம்போஸ், கனட்சிடிஸ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட பியூட்டைல் அமோனியம்-மெத்தில் அமோனியம் காரீய அயோடைடு வரிசை இன்றுவரை இதற்கான அளவுகோல். அடுக்கெண் 1இல் பட்டை இடைவெளி 2.43 எலக்ட்ரான் வோல்ட், 2இல் 2.17, 3இல் 2.03, 4இல் 1.91, முடிவிலியில், அதாவது முப்பரிமாணப் பொருளில், 1.50. படிகங்களின் நிறம் ஆரஞ்சிலிருந்து செர்ரிச் சிவப்பு, அடர்சிவப்பு, கறுப்பு எனக் கண்ணுக்கு நேரே ஆழமாகிக்கொண்டு போகும். முதல் தாவல் 0.26, இரண்டாவது 0.14, மூன்றாவது 0.12 எலக்ட்ரான் வோல்ட் என இடைவெளிகள் குறைந்துகொண்டே வருவதைக் கவனிக்க வேண்டும்: அடுக்கெண் என்பது பெரிய படிகளில் நகரும் கருவி, நுண்ணிய திருத்தத்துக்கு உரியதல்ல. இரு அடுக்கெண்களுக்கு இடைப்பட்ட நிறம் வேண்டுமெனில் ஹாலைடுக்கோ, அடுத்துச் சொல்லும் எண்முகிச் சாய்வுக்கோதான் போக வேண்டும்.

ஐந்தாம் படி: இடையடுக்குக் கரிம அயனி

இந்தப் படியில்தான் இயைபின் செல்வாக்கு மிக நுட்பமானது. மூன்று வழிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வழி, எண்முகிகளின் சாய்வு. அண்டைக் காரீய அயனிகளை இணைக்கும் அயோடைடு ஒரு பாலம் போன்றது. அந்தப் பாலத்தின் கோணம் 180 பாகையாக இருந்தால் காரீயத்தின் எஸ் ஆர்பிட்டாலும் அயோடினின் பி ஆர்பிட்டாலும் முழுமையாக மேற்பொருந்தும். பியூட்டைல் அமோனியம் காரீய அயோடைடில் அந்தக் கோணம் அறை வெப்பநிலையில் 155 பாகை அளவில்தான் இருக்கிறது. கோணம் குறைந்தால் மேற்பொருந்துதல் குறையும். எதிர்பிணைப்புத் தன்மை கொண்ட இணைதிறன் பட்டையின் உச்சி கீழிறங்கும். பட்டை இடைவெளி விரிந்து உமிழ்வு நீலப் பக்கம் செல்லும். கோணத்தைத் தீர்மானிப்பது அமோனியம் தலைப்பகுதி பொந்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எந்த அயோடைடுகளுடன் ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது, அதன் பின்னாலுள்ள கிளைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பவை. ஆகவே சங்கிலியின் நீளத்தைவிடத் தலைப்பகுதிக்கு அருகிலுள்ள வடிவமே முக்கியம். பியூட்டைல் சங்கிலியே அண்டைக் கனிம அடுக்குகளை மின்னணு நிலையில் போதிய அளவு பிரித்துவிடுகிறது. அதற்குமேல் கார்பன்களைக் கூட்டுவதால் பிரிப்பு கூடாது, கூட்டப்பட்ட சங்கிலி சாய்வை மாற்றினால் மட்டுமே நிறம் மாறும்.

இதற்கான சான்றை ஓர் அணுவைக்கூட மாற்றாமல் காண முடியும். பியூட்டைல் அமோனியம் காரீய அயோடைடு சுமார் 275 கெல்வினை ஒட்டி, அதாவது பனிக்கட்டி உருகும் வெப்பநிலைக்குச் சற்று மேலே, நிலைமாற்றம் அடைகிறது. குளிர்விக்கும்போது பியூட்டைல் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கமைகின்றன, எண்முகிகளின் சாய்வு மாறுகிறது, உமிழ்வு சட்டென்று நீலப் பக்கம் தாவுகிறது. இயைபு அப்படியே இருக்க, சாய்வு ஒன்றே நிறத்தை மாற்றுகிறது. குளிர்காலக் காலையில் குளிரூட்டிய அறையில் எடுத்த நிறமாலையும் கோடைப் பிற்பகலில் எடுத்த நிறமாலையும் ஒத்துவராவிட்டால், முதலில் வெப்பநிலைப் பதிவைப் பாருங்கள்.

இரண்டாம் வழி, மின்காப்பு மாறிலி. இரண்டாம் படியில் சொன்னபடி, கரிமப் பகுதியின் மின்காப்பு மாறிலி உயர்ந்தால் எக்சைட்டானின் பிணைப்பு தளரும். டெசைலுக்கும் ஃபினைல்எத்திலுக்கும் இடையிலான 370, 220 என்ற வேறுபாட்டில் அரோமாட்டிக் வளையத்தின் முனைவாகும் திறனுக்கு முக்கியப் பங்கு உண்டு. எத்தனாலமீன் போன்ற மிகுந்த முனைவுத்தன்மை கொண்ட அயனியைப் பயன்படுத்தியபோது பிணைப்பு ஆற்றல் 13 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இறங்கியதாக 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் மின்காப்பு மாறிலியை மாற்றுவதன் மூலம் நிறத்தைப் பெரிதாக நகர்த்திவிடலாம் என்று எதிர்பார்ப்பது தவறு. மின்காப்பு மாறிலி உயரும்போது எக்சைட்டான் பிணைப்பு குறைகிறது, எலக்ட்ரான்-துளைத் தன்னாற்றல் திருத்தம் குறைவதால் பட்டை இடைவெளியும் கூடவே குறைகிறது. நாம் காணும் உமிழ்வு ஆற்றல் இவ்விரண்டின் வேறுபாடு. இரண்டும் ஒரே திசையில் நகர்வதால் பெரும்பகுதி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகிறது. மாறுவது நிறமன்று, எக்சைட்டான் கூடி நின்று ஒளிருமா, பிரிந்து மின்னோட்டமாகுமா என்பதுதான். ஒளியுமிழ் டையோடு செய்பவருக்கும் சூரிய மின்கலம் செய்பவருக்கும் வெவ்வேறு இடையடுக்கு அயனிகள் தேவைப்படுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

மூன்றாம் வழி, நான் தொடக்கத்தில் சொன்ன விதிவிலக்கு: கரிம அயனியே ஒளிர்வது. சாதாரண அல்கைல், ஃபினைல் அயனிகளின் ஆற்றல் மட்டங்கள் கனிம அடுக்கின் பட்டைகளுக்கு வெகு தொலைவில் இருப்பதால் அவை தடுப்புச் சுவராக மட்டுமே நிற்கின்றன. இணைந்த இரட்டைப் பிணைப்புகள் கொண்ட பெரிய மூலக்கூறுகளில் அப்படியில்லை. ஐபிஎம் ஆய்வகத்தில் மிட்சியும் உடனாய்வாளர்களும் 1999இல் நான்கு தயோஃபீன் வளையங்கள் கொண்ட சாய மூலக்கூறைக் காரீய ஹாலைடு அடுக்குகளுக்கு இடையே வைத்தார்கள். குளோரைடில் கனிம அடுக்கின் பட்டை இடைவெளி சாயத்தினுடையதைவிட மிகப் பெரியது. ஆகவே சாயம் பச்சையாக ஒளிர்ந்தது. புரோமைடு, அயோடைடு என நகரும்போது பட்டைகளின் வரிசை மாறி, சாயத்தின் ஒளிர்வு படிப்படியாக அணைந்தது. இவ்வகை அயனியைத் தேர்ந்தெடுக்கும் முன் இரு பகுதிகளின் பட்டை மட்டங்களையும் ஒரே வரைபடத்தில் வரைந்து பார்ப்பது கட்டாயம்.

சிறிய நேரயனி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடுக்கெண் 2 முதல் மட்டுமே அது உண்டு. அதன் ஆர்பிட்டால்கள் பட்டை விளிம்புகளில் இல்லை. பொந்தை விரித்தோ சுருக்கியோ காரீய-அயோடைடுப் பிணைப்பை நீட்டி, சாய்வை மாற்றி மறைமுகமாகச் செயல்படுகிறது. முப்பரிமாணத்தில் பொருந்தாத குவானிடினியம் போன்ற பெரிய அயனிகளுக்கும் அடுக்கெண் 2இன் பொந்தில் இடம் கிடைக்கிறது என்பது ஒரு பயனுள்ள செய்தி.

ஆறாம் படி: குறுகிய கோடா, அகன்ற வெள்ளையா?

இதுவரை சொன்னதெல்லாம் குறுகிய, ஒரே நிற உமிழ்வைப் பற்றியது. 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், கொழும்பில் வளர்ந்தவரான ஹேமமாலா கருணாதாசவின் குழு, கண்ணுக்குத் தெரியும் நிறமாலை முழுவதையும் நிரப்பும் வெள்ளொளியை ஒற்றை அடுக்குப் பெரோவ்ஸ்கைட்டிலிருந்தே பெற்றது. பாஸ்பர் கலவை எதுவும் இல்லை, கலப்பு அயனி எதுவும் இல்லை. ஒரு காரீயப் புரோமைடுச் சேர்மத்தில் நிறம் காட்டும் குறியெண் (அந்த ஒளியில் பொருள்களின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு) 82. புரோமைடில் சிறு பங்கைக் குளோரைடாக மாற்றியபோது அது 85 ஆனது. அதே ஆண்டில் அக்குழு உருவாக்கிய மற்றொரு காரீயப் புரோமைடின் குவாண்டம் திறன் (உட்கவர்ந்த ஒளித்துகள்களில் உமிழ்வாகத் திரும்புவதன் பங்கு) 9 சதவீதம்.

இந்த அகன்ற உமிழ்வுக்குக் காரணம் தன்னைத்தானே பொறிக்குள் இட்டுக்கொள்ளும் எக்சைட்டான். மென்மையான படிகக்கூட்டில் எக்சைட்டான் தன் சுற்றுப்புறத்தைத் தானே நெளித்து, அந்த நெளிவில் சிக்கி, ஆற்றலில் கீழிறங்கி, பின்னர் ஒளிர்கிறது. நெளிவு நேரத்துக்கு நேரம், இடத்துக்கு இடம் வேறுபடுவதால் உமிழ்வு அகன்றும், உட்கவரும் ஆற்றலிலிருந்து வெகுவாக விலகியும் இருக்கும். மேற்சொன்ன வெள்ளொளிச் சேர்மங்களில் கனிம அடுக்கு தட்டையாக இல்லாமல் ஓட்டுக்கூரை போல மடிந்திருந்தது. தட்டையான அடுக்குகளிலும் இது நிகழலாம். தளத்துக்கு வெளியே எண்முகிகள் சாயும் அளவு கூடக் கூட அகன்ற உமிழ்வின் பங்கு கூடுகிறது என்பதைக் கருணாதாச குழு 2017இல் பல புரோமைடுகளை ஒப்பிட்டுக் காட்டியது.

ஆகவே வெள்ளொளி இலக்கு எனில்: ஹாலைடாகப் புரோமைடோ குளோரைடோ, அடுக்கெண் 1, கனிம அடுக்கைத் தளத்துக்கு வெளியே சாய்க்கும், சமச்சீரற்ற, குட்டையான இரட்டை அமீன்கள். தூய ஒரே நிறம் இலக்கு எனில் இதற்கு நேர் எதிர்: சாய்வு குறைந்த தட்டையான அடுக்கு, இறுக்கமாக அடுக்கமைந்து அதிர்வுகளை அடக்கும் விறைப்பான இடையடுக்கு அயனி.

ஏழாம் படி: இயைபைப் படிகமாக்குதல்

ஸ்டௌம்போஸ் முறையின் சாரம் எளிமையானது. 10 மில்லிமோல் காரீய ஆக்சைடை, அதாவது 2.232 கிராமை, 57 சதவீத ஹைட்ரயோடிக் அமிலம் 10 மில்லிலிட்டரிலும் 50 சதவீத ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் 1.7 மில்லிலிட்டரிலும் கொதிக்கவைத்துக் கரைத்தால் தெளிந்த மஞ்சள் கரைசல் கிடைக்கும். ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் உருவாகும் அயோடினை மீண்டும் அயோடைடாக ஒடுக்குகிறது. கரைசல் பழுப்பாக மாறினால் அது போதவில்லை என்று பொருள். பியூட்டைல் அமீனைத் தனியாக, பனிக்கட்டிக் குளியலில், ஹைட்ரயோடிக் அமிலத்தால் நடுநிலையாக்கிச் சேர்க்க வேண்டும். விழும் வீழ்படிவைச் சூடாக்கிக் கரைத்து, அசைக்காமல் ஆறவிட்டால் ஆரஞ்சுத் தகடுகள் மிதந்து வளரும். இவை அனைத்தும் புகைப்போக்கிப் பெட்டிக்குள், கையுறையுடன், காரீயக் கழிவைத் தனிக் கலத்தில் சேர்த்து மட்டுமே செய்யத்தக்கவை.

இங்கே சூத்திரத்தை நேராகப் பின்பற்றுவது பிழையில் முடியும். அடுக்கெண் 2க்கு 10 மில்லிமோல் காரீயத்துடன் 5 மில்லிமோல் மெத்தில் அமோனியமும் 10 மில்லிமோல் பியூட்டைல் அமீனும் தேவை என்று சூத்திரம் சொல்லும். அந்த முறையில் பியூட்டைல் அமீன் 7 மில்லிமோல்தான். அடுக்கெண் 1க்கோ, சூத்திரம் கேட்கும் 20க்குப் பதில் 10. அமீன் மிகுந்தால் அடுக்கெண் குறைந்த சேர்மம் முந்திக்கொண்டு வீழும். நான் முதன்முறை அடுக்கெண் 2ஐ வளர்த்தபோது 10 மில்லிமோலையே எடுத்தேன். வடிதாளில் சேர்ந்த செர்ரிச் சிவப்புத் தகடுகளுக்கு இடையே ஆரஞ்சுத் துணுக்குகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. வடிகட்டிய படிகங்களைத் தண்ணீரால் கழுவவும் கூடாது: அமோனியம் உப்பு கரைந்து வெளியேற, தகடுகளின் ஓரங்களில் காரீய அயோடைடின் வெளிறிய மஞ்சள் படரும்.

படிகத்துக்குப் பதில் மெல்லேடாகச் சுழற்றிப் பூசினால் நிலைமை இன்னும் சிக்கலானது. கரைசலின் விகிதம் அடுக்கெண் 2 என்று சொன்னாலும் ஏட்டில் பல அடுக்கெண்கள் அருகருகே உருவாகும். ஆற்றல் உயர்ந்த பகுதியிலிருந்து தாழ்ந்த பகுதிக்கு வாய்க்கால் நீர்போல இறங்கி, பட்டை இடைவெளி மிகக் குறைந்த பகுதியே ஒளிரும். 2016இல் நான்ஜிங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு நாஃப்தைல்மெத்தில் அமோனியத்தைப் பயன்படுத்தி உருவாக்கிய, 11.7 சதவீத வெளிக் குவாண்டம் திறன் கொண்ட டையோடு 763 நானோமீட்டரில் ஒளிர்ந்தது. சூத்திரப்படி அதன் அடுக்கெண் 2. ஒளிர்ந்த இடமோ முப்பரிமாணப் பொருளை ஒட்டியது. 1994இல் கியூஷூ பல்கலைக்கழகத்தில் ஏராவும் உடனாய்வாளர்களும் செய்த டையோடு, தூய அடுக்கெண் 1 கொண்ட ஃபினைல்எத்தில் அமோனியம் காரீய அயோடைடால் ஆனது. அது வலுவாக ஒளிர திரவ நைட்ரஜன் வெப்பநிலை தேவைப்பட்டது. அறை வெப்பநிலையில் டையோடுகள் ஒளிர்வதற்கு இந்த ஆற்றல் இறக்கம் பெரிதும் உதவியிருக்கிறது. ஆனால் இயைபுக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பை அளக்க விரும்புபவர் மெல்லேட்டில் தொடங்கினால், தான் அளப்பது எந்த அடுக்கெண் என்பதே அவருக்குத் தெரியாது. முதலில் ஒற்றைப் படிகம், பிறகே ஏடு.

எட்டாம் படி: அளந்து உறுதிசெய்தல்

நிறமாலைக்கு முன் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு. பியூட்டைல் அமோனியம் வரிசையில் அடுக்குகளுக்கு இடையிலான தொலைவு அடுக்கெண் 1க்கு 1.38, 2க்கு 1.97, 3க்கு 2.6 நானோமீட்டர் அளவில் இருக்கும். செம்பு மூலத்தில் முதல் உச்சி முறையே 6.4, 4.5, 3.4 பாகையை ஒட்டி வரும். கருவியைப் பெரும்பாலும் 10 பாகையிலிருந்து தொடங்கும் பழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். தேடும் உச்சிகளில் முதன்மையானது அதற்கு முன்பே போய்விடும்.

பின்னர் உட்கவர் நிறமாலையையும் உமிழ்வு நிறமாலையையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். உமிழ்வு எக்சைட்டான் உட்கவர் உச்சிக்கு மிக அருகில் குறுகலாக இருந்தால் அது கட்டற்ற எக்சைட்டான். தொலைவில் அகன்று இருந்தால், தூண்டும் ஒளியின் செறிவைக் கூட்டிக்கொண்டே அளவிடுங்கள்: உமிழ்வு நேர்விகிதத்தில் ஏறிக்கொண்டே போனால் படிகக்கூட்டின் இயல்பான பொறி என்பதற்கு ஆதரவு, விரைவில் ஏறாமல் நின்றுவிட்டால் எண்ணிக்கை வரம்புள்ள குறைபாடுகளே ஒளிர்கின்றன. அயோடைடுகளில் சிவப்புப் பகுதியில் தெரியும் அகன்ற உமிழ்வை உடனே தன்பொறி எக்சைட்டான் என்று அறிவித்துவிடாமல், இந்தச் சோதனையை வெவ்வேறு தொகுதிகளில் வளர்ந்த படிகங்களில் திரும்பச் செய்ய வேண்டும். குறைபாட்டால் வந்தது எனில் தொகுதிக்குத் தொகுதி அதன் வலிமை மாறும்.

தடித்த படிகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே பிறந்த ஒளி வெளியேறும் முன் படிகமே அதன் நீலப் பக்கத்தை மீண்டும் உட்கவர்ந்துவிடுவதால், உமிழ்வு உண்மையைவிடச் சிவப்பாகத் தோன்றும். சில நேரம் ஒரே உச்சி இரண்டாகவும் பிளந்து தெரியும். ஒட்டும் நாடாவைப் படிகத்தின் மேல் அழுத்தி உரித்தால் அடுக்குகள் எளிதில் பிரியும். நாடாவில் ஒட்டிய, ஏறத்தாழ நிறமே தெரியாத மெல்லிய துணுக்கை நுண்ணோக்கியில் அளவிட்டு, தடித்த படிகத்தின் நிறமாலையோடு ஒப்பிடுங்கள். 2015இல் பெர்க்லியில் அணுத் தடிமனுள்ள பியூட்டைல் அமோனியம் காரீயப் புரோமைடுத் தகடுகள் சுமார் 26 சதவீதக் குவாண்டம் திறனுடன் ஒளிர்ந்தன. அதே சேர்மத்தின் பருத்த படிகத்தில் அது 1 சதவீதத்துக்கும் குறைவு. எனவே இரு வெவ்வேறு இயைபுகளை ஒப்பிடும்போது, இரண்டையும் ஒரே தடிமனுக்கு உரித்து, ஒரே வெப்பநிலையில், ஒரே தூண்டு செறிவில் அளந்த எண்களை மட்டுமே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.